இயற்பியலுக்கு 29,000... வரலாற்றுக்குப் பூஜ்யம்!

ஆசிரியர் பயிற்சி எடுப்பவர்களுக்கு இங்கிலாந்து அரசு பணம் தருகிறது. யாருக்கு, எவ்வளவு, எதற்காக?

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கல்வித்துறை ஒரு பட்டியலை வெளியிடுகிறது. அடுத்த கல்வியாண்டில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியராகப் பயிற்சி எடுத்தால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைச் சொல்லும் பட்டியல் அது. 2025-26க்கான பட்டியலில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆகிய நான்குக்கும் தலா 29,000 பவுண்டு. உயிரியல், புவியியல், அயல்மொழிகள், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றால் 26,000. ஓவியம், இசை, சமயக் கல்விக்கு 10,000. ஆங்கிலத்துக்கு வெறும் 5,000. வரலாறு எங்கே என்று தேடினால் கிடைக்காது. உடற்கல்வி இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக விரும்புகிறவர்களுக்கும் அதில் இடமில்லை.

நம் ஊர்க் கணக்கில் 29,000 பவுண்டு முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். இது கடன் கிடையாது. திருப்பித் தர வேண்டாம். வருமான வரியும் பிடிக்க மாட்டார்கள். பயிற்சி முடிந்தபின் இத்தனை ஆண்டு பள்ளியில் வேலை பார்த்தே தீர வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவதும் இல்லை. கல்லூரிக்குக் கட்டணம் கட்டி பி.எட். படித்து, தகுதித் தேர்வு எழுதி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்துக் கிடந்து பழகிய நமக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

எரிய வேண்டாம். அந்த அரசு இதைத் தாராள மனத்தில் செய்யவில்லை. ஆள் கிடைக்காத தவிப்பில் செய்கிறது. 2023-24ல் இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்கு இத்தனை பேர் வேண்டும் என்று கல்வித்துறை ஓர் இலக்கு வைத்தது. வந்து சேர்ந்தவர்கள் அதில் 17 சதவீதம். அந்த ஆண்டு அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்த தொகை 27,000 பவுண்டு! உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் அத்தனையையும் கூட்டிப் பார்த்தாலும் இலக்கில் பாதிதான் நிறைந்தது. இயற்பியல் வகுப்பை உயிரியல் படித்தவர் எடுப்பது அங்கே பல பள்ளிகளில் சாதாரணக் காட்சி.

பர்சரி என்று அவர்கள் அழைக்கும் இந்தத் தொகையை நாம் உதவித்தொகை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால், உதவித்தொகை என்றதும் நம் மனதில் எழும் படம் வேறு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் கேட்பார்கள், வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். பணம் இல்லாததால் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். இங்கிலாந்தின் பர்சரி உங்கள் அப்பாவின் சம்பளத்தைக் கேட்பதில்லை. வீடு சொந்தமா வாடகையா என்று விசாரிப்பதில்லை. என்ன பாடம், பட்டத்தில் என்ன வகுப்பு என்ற இரண்டைத்தான் பார்க்கிறது. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை இயற்பியல் படித்திருந்தால் 29,000. சுரங்கத் தொழிலாளி மகள் வரலாறு படித்திருந்தால் ஒன்றுமில்லை. ஏழைக்கு ஏணியாகத் தொடங்கிய ஒரு திட்டம், இன்று பட்டதாரிக்கு விலை பேசும் திட்டமாக மாறி நிற்கிறது. அது தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகள்தான்.

உழவர் சந்தை விலைப்பலகை

இது விலை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. உயிரியலுக்கு வந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் போதும். உழவர் சந்தையில் காலையில் எழுதி மாட்டும் விலைப்பலகை மாதிரி இருக்கிறது. 2020-21ல் 26,000 பவுண்டு. பெருந்தொற்று வந்தது. தனியார் வேலைகள் ஆட்டம் கண்டன. பட்டதாரிகள் கூட்டமாகப் பள்ளிப் பக்கம் திரும்பினார்கள். வரத்து கூடியதும் விலையை இறக்கிவிட்டது அரசு. 2021-22ல் உயிரியலுக்கு 7,000. கூட்டம் கலைந்து பழைய பஞ்சம் திரும்பியது. அடுத்த ஆண்டு 10,000, அதற்கடுத்து 20,000, பிறகு 25,000, 2025-26ல் மீண்டும் 26,000. ஐந்தே ஆண்டில் ஒரு முழுச் சுற்று.

ஆங்கிலப் பாடத்துக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 12,000 இருந்தது பூஜ்யமானது. இரண்டு ஆண்டு பூஜ்யமாகவே கிடந்து திடீரென்று 15,000 ஆனது. பிறகு 10,000, அப்புறம் 5,000. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தை அக்காவும் தங்கையும் முன்பின்னாகப் படித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனால், ஒருத்திக்குக் கொட்டிக் கொடுப்பார்கள், இன்னொருத்தியைக் கடன் வாங்கிக்கொள் என்பார்கள். பிறந்த வருடம்தான் வித்தியாசம். அரசின் பார்வையில் இதில் குறையே இல்லை. தேவைக்கேற்பச் செலவு என்பது அவர்கள் வாதம். பள்ளி நடத்துகிறவருக்கும், கடைசி வருடத்தில் உட்கார்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் மாணவருக்கும் இது சூதாட்டம்.

பணம் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. இங்கிலாந்தின் என்.எஃப்.இ.ஆர். என்ற கல்வி ஆய்வு நிறுவனம் இதை எண்களோடு அலசியிருக்கிறது. தொகை கூடிய பாடங்களில் ஆள் சேர்வது கூடுகிறது. முக்கியமாக, பணத்துக்காக வந்தவர்கள் சீக்கிரம் ஓடிவிடுவார்கள் என்ற சந்தேகத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்களோ, ஏறத்தாழ அவ்வளவு காலம் இவர்களும் தங்குகிறார்கள். பர்சரியை வாங்கிக்கொண்டு ஒரு வருடம் சுற்றுலா போல் கழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்ற புகார் அங்கே பல காலமாக உண்டு. அப்படிச் சிலர் இருக்கலாம். திட்டத்தையே குலைக்கும் அளவுக்கு இல்லை.

பணம் கைக்கு வரும் வழி

பட்டப்படிப்பு முடித்தவர் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சிக்குப் போகிறார். பி.ஜி.சி.இ. என்ற சான்றிதழும், க்யூ.டி.எஸ். எனப்படும் தகுதிபெற்ற ஆசிரியர் அந்தஸ்தும் அந்த ஓராண்டின் முடிவில் கிடைக்கும். பயிற்சியைப் பல்கலைக்கழகமும் தரலாம், பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அமைப்பும் தரலாம். எப்படியானாலும் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில்.

பர்சரிக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ உள்ள பட்டம், அல்லது முதுகலை, முனைவர் பட்டம் இருந்து, பாடம் பட்டியலில் இருந்து, அந்நாட்டு மாணவர் கடன் பெறும் தகுதியும் இருந்தால் தானாக வந்து சேரும். கல்வித்துறை பணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறது, நிறுவனம் பயிற்சியாளரின் கணக்கில் போடுகிறது. வழக்கமாக அக்டோபரில் தொடங்கி ஜூலை வரை பத்துத் தவணை. 29,000 என்றால் மாதம் 2,900. பயிற்சி தொடங்குவதோ செப்டம்பரில். முதல் தவணை வரும்வரை வாடகை, பயணச் செலவு எல்லாம் சொந்தப் பாடு. பாதியில் நின்றால் தவணையும் நின்றுவிடும்.

பயிற்சிக் கட்டணத்தை இதிலிருந்து யாரும் கழித்துக்கொள்வதில்லை. 2025-26ல் அது 9,535 பவுண்டு வரை. கையிலிருந்து கட்டலாம், அரசு மாணவர் கடனிலும் கட்டலாம். பலரும் கடனையே எடுக்கிறார்கள். பர்சரி வருகிறது என்பதற்காகக் கடன் மறுக்கப்படுவதில்லை.

இதற்கு மேலே ஒரு படி உண்டு. இயற்பியல் கழகம், வேதியியலுக்கான ராயல் சொசைட்டி, கணினித் துறையின் பி.சி.எஸ்., கணிதக் கழகங்கள் போன்ற தொழில்முறை அமைப்புகள் தேர்ந்தெடுத்துத் தரும் ஸ்காலர்ஷிப் அது. பர்சரியைவிட 2,000 பவுண்டு கூடுதல், அதாவது 31,000. இதற்கு விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பணத்தில் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அந்த அமைப்பின் உறுப்பினர் என்ற பெயரும், வழிகாட்டும் மூத்த ஆசிரியர்களின் தொடர்பும் கூடவே வருகின்றன.

பாடத்தில் பிடிமானம் போதாதவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. பொறியியல் படித்தவர் கணிதம் கற்பிக்க வருகிறார், பாடத்தைத் தூசு தட்ட வேண்டும் என்றால், பயிற்சிக்கு முன்பே சில வாரங்கள் பாட அறிவை வளர்க்கும் படிப்புக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். படிக்கும் வாரங்களுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. பள்ளியே சம்பளம் தந்து பயிற்சி கொடுக்கும் வழியும் இருக்கிறது. அதில் போகிறவருக்குப் பர்சரி கிடையாது.

எல்லை தாண்டினால் விதியும் மாறிவிடும். வேல்ஸ் தனக்கென ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அங்கே முன்னுரிமைப் பாடங்களுக்கு 15,000 பவுண்டு. வேல்ஸ் மொழிவழியில் கற்பிக்க முன்வருவோருக்குத் தனி ஊக்கத்தொகை. ஸ்காட்லாந்து, வேறு வேலையை விட்டுவிட்டு அறிவியல் போன்ற பாடங்களைக் கற்பிக்க வருகிறவர்களுக்கு 20,000 பவுண்டு பர்சரியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் இப்படி என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் எந்தப் பகுதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை கிடைத்தது, வருமானம் குறைந்தது

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் விநோதமாகப் படுவது பயிற்சி முடிந்த மறுமாதம் நடப்பது. 2024-25ல் இயற்பியல் பயிற்சி எடுத்தவருக்கு 28,000 பவுண்டு, வரி இல்லாமல். மாதம் 2,800. அவர் 2025 செப்டம்பரில் லண்டனுக்கு வெளியே ஒரு பள்ளியில் முழு ஆசிரியராகச் சேர்கிறார். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 32,916. பார்க்க உயர்வுதான். வருமான வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், மாணவர் கடன் தவணை எல்லாம் போனபின் கைக்கு வருவது ஏறத்தாழ 25,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,100 பவுண்டைத் தொடாது. மாணவராக இருந்தவரை வீட்டுக்கான உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு இருந்தது, இப்போது அதுவும் போயிற்று.

ஓய்வூதியத்துக்குப் பிடிக்கிற பணம் வீண் அல்ல. வேலை தரும் தரப்பு அதற்கு இன்னும் பெரிய பங்கைச் சேர்க்கிறது. ஆனால் முப்பது வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் பணத்தை வைத்து இந்த மாத வாடகையைக் கட்ட முடியாது. கற்றுக்கொண்டிருந்தபோது கிடைத்ததைவிட, முழுப் பொறுப்போடு வகுப்பெடுக்கும்போது கையில் குறைவு. வேலை மட்டும் இரட்டிப்பு. எந்த நிறுவனமாவது தன் ஊழியரை இப்படி வரவேற்குமா?

அதே ஆசிரியர் அறையில் வரலாற்றுப் பயிற்சியாளர் ஒருவரும் இருப்பார். அவருக்கும் அதே 120 நாள். இருட்டு விலகுமுன் பேருந்து, அதே பாடத்திட்டத் தயாரிப்பு, அதே அடங்காத ஒன்பதாம் வகுப்பு. அவருக்கு வருமானம் பூஜ்யம். கட்டணக் கடன், வாழ்க்கைச் செலவுக் கடன் இரண்டையும் எடுத்தால் அந்த ஓராண்டில் மட்டும் 20,000 பவுண்டுக்கு மேலும் கடன் ஏறலாம். இளநிலைப் பட்டத்துக்கு வாங்கியது தனி. பயிற்சி முடிந்ததும் இருவருக்கும் ஒரே சம்பள விகிதம். சிறு குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். தொடக்கப் பள்ளிக்குத் தானாக ஆள் வருகிறது, பிறகு எதற்குக் காசு என்பது கணக்கு. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்பது என் சந்தேகம்.

எழும்பூரில் தொடங்கிய சிக்கனம்

கற்பிக்கக் கற்கிறவருக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்விக்கு இங்கிலாந்து முதலில் சொன்ன பதில் "தர வேண்டியதே இல்லை" என்பதுதான். அந்தப் பதில் போனது சென்னையிலிருந்து. 1789ல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு மாணவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளை அவன் பொறுப்பில் விட்டார். அவன் செய்து காட்டினான். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. பெல் ஊர் திரும்பி, 1797ல் அதை அச்சிட்டு வெளியிட்டார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் ஏறக்குறைய இதே முறையை நடத்தினார். ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், கற்பிப்பவர்களும் பிள்ளைகளே. ஏழைக்குக் கல்வி என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்று நினைத்த காலத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேறென்ன?

மலிவின் தரம் சில பத்தாண்டுகளில் தெரிந்துபோனது. தான் இன்னும் சரியாகக் கற்காத பத்து வயதுப் பையன் ஒப்பிக்க வைப்பதைத்தான் செய்ய முடியும். அரசின் கல்விக் குழுவுக்குச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் 1846ல் வேறு வழி போட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளை 13 வயதில் ஐந்தாண்டு மாணவ-ஆசிரியராக ஒப்பந்தம் செய்துகொள்வது. முதல் ஆண்டு 10 பவுண்டு, ஆண்டுக்கு இரண்டரை பவுண்டு ஏறி ஐந்தாம் ஆண்டு 20 பவுண்டு. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் தலைமை ஆசிரியருக்கும் தனித் தொகை. 18 வயதில் தேர்வு எழுதித் தேறினால் 'ராணி ஸ்காலர்ஷிப்', பயிற்சிக் கல்லூரிப் படிப்பு.

இங்கிலாந்து அரசு, கற்பிக்கக் கற்பவருக்கு நாடு முழுவதற்குமான திட்டம் போட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கியது இதில்தான். ஆலைத் தொழிலாளி வீட்டிலும் கொல்லர் வீட்டிலும் 13 வயதுப் பிள்ளை கூலிக்குப் போகும் வயதுப் பிள்ளை. அந்தக் கூலியை ஈடுகட்டாமல் அவனைப் பள்ளியில் நிறுத்தி வைக்க முடியாது என்று கே-ஷட்டில்வொர்த்துக்குத் தெரிந்திருந்தது. பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1862ல் கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோவின் திருத்திய விதித்தொகுப்பு, பிள்ளைகள் தேர்வில் தேறுவதை வைத்துப் பள்ளிக்குப் பணம் என்று மாற்றியது. மாணவ-ஆசிரியர்களுக்கு அரசு தந்துவந்த தொகையும் அதோடு நின்றது. சில ஆண்டுகளிலேயே அவர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது.

இந்தத் திட்டங்கள் எதிர்பாராத அறுவடைகளையும் தந்தன. கடை வைத்து நொடித்த தகப்பனுக்கும், பெரிய வீட்டில் பணிபுரிந்த தாய்க்கும் பிறந்த ஹெச்.ஜி. வெல்ஸ், 1884ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். அரசு வாரத்துக்கு ஒரு கினி கொடுத்தது. உயிரியலை அறிவியலாளர் ஹக்ஸ்லியிடம் கற்றார். நிலவியல் பாடத்தில் தோற்று வெளியேறினார். சில காலம் கற்பித்தார். பிறகு 'கால இயந்திரம்' நாவலை எழுதினார். சுரங்கத் தொழிலாளியின் மகனான டி.ஹெச். லாரன்ஸ் மாணவ-ஆசிரியராகத் தொடங்கி, 1904ல் அரசர் ஸ்காலர்ஷிப் தேர்வில் முதல் வகுப்பில் தேறி, நாட்டிங்ஹாம் போய், க்ராய்டன் பள்ளியில் சில வருடம் வகுப்பெடுத்துவிட்டு நாவலுக்குப் போய்விட்டார். கல்வித்துறைக் கணக்கில் இருவரும் நஷ்டம். எனக்கென்னவோ, அந்த அரசு செய்த செலவுகளிலேயே உருப்படியானவற்றில் இவை இரண்டும் சேரும் என்று தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகப் படிப்புக்கும் பயிற்சிக்கும் சேர்த்து நான்காண்டு மானியம் வந்தது. வாங்குகிறவர் ஆசிரியராகப் பணிபுரிவேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் நுழைய வேறு கதவு அநேகமாக இல்லை. கற்பிக்கும் ஆசையே இல்லாதவர்களும் பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டார்கள். பொதுவான மாணவர் மானியங்கள் பெருகியபின் 1951ல் அந்த உறுதிமொழி ஒழிந்தது. இன்றைய பர்சரியில் பத்திரம் இல்லாததற்குப் பின்னால் இந்தக் கசப்புக்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

இப்போதைய வடிவம் 2000ல் வந்தது. கணினி நிறுவனங்களும் வங்கிகளும் பட்டதாரிகளை அள்ளிக்கொண்டிருந்த நேரம். பயிற்சி இடங்கள் காலியாகக் கிடந்தன. டேவிட் பிளங்கெட் கல்வி அமைச்சராக இருந்தபோது, பி.ஜி.சி.இ. படிக்கிற அனைவருக்கும் 6,000 பவுண்டு என்று அறிவித்தார்கள். பற்றாக்குறைப் பாடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் கூடுதலாக 4,000. அந்த 6,000 பாடம் பார்க்காத, சமமான தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமத்துவம் சில ஆண்டுகளில் முடிந்தது. 2012ல் மைக்கேல் கோவ் கல்வி அமைச்சராக இருந்தபோது, பாடத்தோடு பட்டத்தின் வகுப்பும் விலையைத் தீர்மானித்தது. இயற்பியலில் முதல் வகுப்பென்றால் 20,000, அடுத்த நிலைக்கு 15,000, அதற்கும் கீழே 12,000. 2016-17ல் முதல் வகுப்பு இயற்பியலின் விலை 30,000 வரை போனது. நல்ல மதிப்பெண் வாங்கியவர் நல்ல ஆசிரியர் ஆவார் என்ற அந்த நம்பிக்கையைப் பிற்பாடு அவர்களே கைவிட்டார்கள். இப்போது வகுப்புக்கு வகுப்பு தொகை மாறுவதில்லை.

சேர்ப்பது ஒன்று, தக்கவைப்பது வேறு

புதிதாகச் சேர்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐந்தாண்டுக்குள் அரசுப் பள்ளியை விட்டு விலகுகிறார் என்பது இங்கிலாந்தில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. இயற்பியல், கணிதம் படித்தவருக்கு வெளியே வாசல்கள் அதிகம். பணம் முழுவதையும் முதல் பத்து மாதத்தில் கொட்டிவிட்டு, அதன்பின் கையை விரித்தால் வேறென்ன நடக்கும்?

2018ல் கணிதத்துக்கு மட்டும் ஒரு மாற்று முயன்றார்கள். முன்பணத்தை 20,000 ஆகக் குறைத்து, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் தலா 5,000 தருவது. உருப்படியான யோசனை. நீடிக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது நின்றது. பிறகு வேறு பெயர்களில் திரும்பி வந்தது. 2024-25 முதல் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி கற்பிக்கும் புதியவர்களுக்கு, பின்தங்கிய பகுதிப் பள்ளிகளில் முதல் ஐந்தாண்டுக்குள் ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை தருகிறார்கள். நான் அந்த நிதியமைச்சகத்தில் உட்கார்ந்திருந்தால் 29,000ல் பாதியை எடுத்து இந்தப் பக்கம் வைத்திருப்பேன். ஆனால் முன்பணம் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும். ஐந்தாம் ஆண்டில் வரப்போகும் பணத்தைப் பார்த்து இருபத்திரண்டு வயதில் யார் மயங்குவார்கள்?

சிங்கப்பூர் இதை வேறுவிதமாகக் கட்டியிருக்கிறது. அங்கே பயிற்சி ஆசிரியர் கல்வி அமைச்சின் ஊழியர். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம், பயிற்சிக் கட்டணமும் அமைச்சினுடையது. பதிலுக்கு ஒப்பந்தம் போட வேண்டும். பட்டமேற்படிப்புப் பயிற்சிக்கு மூன்றாண்டு. பாதியில் போனால் நஷ்டஈடு கட்ட வேண்டும். கணித ஆசிரியருக்கும் தமிழ் ஆசிரியருக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே பயிற்சியாளர் தேர்வே வேலைக்கான தேர்வு. இங்கிலாந்தில் அப்படியில்லை. பயிற்சி முடித்தவர் பள்ளி பள்ளியாக விண்ணப்பித்து வேலை தேடிக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் என்ன?

2023ல் இங்கிலாந்து இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்று, இயற்பியலிலும் அயல்மொழிகளிலும் பயிற்சி எடுக்க வரும் வெளிநாட்டவருக்கும் பர்சரி. இதோடு, இடம்பெயர்ந்து வரும் செலவுக்கு 10,000 பவுண்டு தரும் சோதனைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இன்னொன்று, இந்தியா, நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் ஏற்கெனவே தகுதிபெற்ற ஆசிரியர்கள், மறுபடியும் பயிற்சி எடுக்காமல் நேரடியாக க்யூ.டி.எஸ். கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து பி.எட். படிக்காதவருக்கானது முதல் கதவு. பி.எட். முடித்துப் பள்ளியில் அனுபவமும் உள்ளவருக்கானது இரண்டாவது. அதிலும் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகிய பாடங்கள்தான், அதுவும் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்கள்தான். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்குப் பர்சரி இல்லை. கற்பிக்கத் தெரியாதவருக்கு உண்டு. நியாயம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் விலை கொடுப்பது பயிற்சிக்கு ஆள் இழுக்க.

முதல் கதவில் ஒரு படிக்கட்டு உயரம். வெளிநாட்டு மாணவருக்கான பயிற்சிக் கட்டணம் உள்நாட்டுக் கட்டணத்தைவிடப் பல இடங்களில் மிக அதிகம், அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். விசாவுக்கு வங்கியில் பணம் காட்ட வேண்டும். பர்சரி அக்டோபரில்தான் தவணையாக வரத் தொடங்கும். அதற்குமுன் ஆகும் செலவுக்கு நகையையோ நிலத்தையோ வைத்துத்தான் புறப்பட வேண்டியிருக்கும். விலைப்பலகை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போன வருடம் போனவரின் அனுபவத்தை நம்பி இந்த வருடம் கிளம்பக் கூடாது. வெளிநாட்டவருக்கான விதிகளும் அப்படித்தான். இங்கிலாந்து அரசின் இணையதளத்தில் அந்தந்த ஆண்டுக்கான பட்டியல் இருக்கிறது.

க்யூ.டி.எஸ். விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. வாங்கித் தருகிறேன் என்று லட்சங்களில் பேசுகிற ஏஜென்ட் யாராவது வந்தால், எந்தச் செலவுக்கு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.